வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

கோவை
20.4.2025

அன்புள்ள தீர்த்தம்மாள் அண்ணிக்கு,

பானு எழுதுவது. நீங்களும் சென்றாயன் அண்ணனும் சுகம்தானே? நான் வாசலில் நட்டுவிட்டு வந்த மழைமானியை இரண்டு வருடம் ஒரு நாள் விடாமல் பார்த்து, மழை அளவை எழுதி, வாராவாரம் தாளைத் தபாலில் அனுப்பினீர்கள். கல்லூரியில் எல்லோரும் உங்கள் கையெழுத்தைத்தான் மெச்சுகிறார்கள்.

ஆராய்ச்சி முடிவு வந்துவிட்டது. நம் மலையில் வைகாசி முழுக்க வாரம் தவறாமல் மழை. ஆடி மழைதான் இப்போதெல்லாம் ஏமாற்றுகிறதே, அதற்குக் காத்திருக்காமல் முதல் மழைக்கே சாமை விதைக்கலாம். ஊரில் சொல்லுங்கள்.

உங்கள் பானுமதி

சித்தேரி
16.6.2025

பானுவுக்கு,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. "அப்படி மழை பேஞ்ச ஞாபகமே இல்லையே" என்று பெரியவர்கள் இழுத்தார்கள். உன் அண்ணன்தான் "நம்ம வூட்டுப் பொண்ணு படிச்சுச் சொல்லுதுங்க" என்று வீடு வீடாகப் போனார். முப்பது வீடும் முதல் மழைக்கே விதைத்தது. அப்புறம் ஒரு சொட்டு இல்லை. முளைத்ததெல்லாம் கருகிவிட்டது. ஆடிக்கு விதைக்க யாரிடமும் விதை இல்லை. உன் பேரை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுகிறார்.

அண்ணி

கோவை
22.6.2025

அண்ணி,

இரண்டு வருட வைகாசித் தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாலைந்து பெரிய மழையைத் தள்ளிவிட்டால், மிச்ச மழை எல்லாம் சனிக்கிழமைக் காலையில்தான் பதிவாகியிருக்கிறது. மழைக்குக் கிழமை தெரியுமா? எனக்குக் கோபமில்லை. வெள்ளிக்கிழமை என்ன செய்தீர்கள்?

பானு

சித்தேரி
29.6.2025

பானு,

சாமி சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வீட்டில் எந்தப் பாத்திரமும் காலியாக இருக்கக் கூடாதே. குடம், அண்டா, சொம்பு எல்லாவற்றிலும் தண்ணீர் விடுவேன். வாசலில் இருக்கும் உன் மழைமானியும் பாத்திரம்தானே, காலியாக இருந்தால் அதிலும் ஒரு கை விடுவேன். காலையில் இருப்பதை எழுதச் சொன்னாய், எழுதினேன்.

உன் அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அண்ணி

கோவை
3.7.2025

அண்ணி,

யாரிடமும் சொல்ல வேண்டாம். கருவியை நட்டுவிட்டு வந்தவள் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமைகூட உங்களோடு இருந்து பார்க்கவில்லை. அது காலியாக இருப்பதும் ஒரு செய்தி என்று உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு வருடம் அந்தத் தாள்களைப் படித்தும் சனிக்கிழமை என் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விதையோடு வருகிறேன். தப்பு என்னுடையது என்று ஊர் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

பானு

சித்தேரி
14.7.2025

பானுவுக்கு,

நீ கொண்டுவந்த விதை மூட்டையை இன்னும் ஒருவரும் தொடவில்லை. கோயில் முன்னால் அண்ணன் உன்னைப் பார்த்து, "இனிமே இந்த வூட்டு வாசல மிதிக்காத" என்றாரே, அப்போது நான் கூட்டத்தில்தான் நின்றேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்கு வருமா என்றும் தெரியவில்லை.

மழைமானியைப் பிடுங்கி எறியச் சொன்னார். மேட்டுக்காட்டில், அவர் போகாத பக்கம் நட்டு வைத்திருக்கிறேன். இந்த வாரத் தாள் இதோடு இருக்கிறது. ஏழு நாளும் பூஜ்யம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அங்கே போனேன். சொம்பு கையில்தான் இருந்தது. காலியாகவே விட்டுவிட்டு வந்தேன்.

அண்ணி