உறை பிரிக்காத சோபா

ஜூன் 3, செவ்வாய்

இன்று மூன்று கதவு பீரோ ஒன்றை நான்காவது மாடிக்கு ஒற்றை ஆளாக ஏற்றினேன். மூங்கிலும் கூட இருந்தான். எங்கள் மரச்சாமான் கடையின் வண்டியை ஓட்டுகிறவன். பட்டப்பெயருக்கு ஏற்ற உடம்பு. கீழ்ப்பக்கம் ஒரு கையை வைத்திருந்தான், அதையெல்லாம் பிடித்ததாகச் சொல்ல முடியாது. இப்படி ஒரு தோளைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்றார் வீட்டுக்காரர். வாய் திறந்து சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

அதைவிடப் பெரிய சேதி: தங்கச்சி மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இனி இந்த வீட்டில் அவள் பெயர் டாக்டரம்மா. தேர்விலேயே முதல் இடம் என்று தெருவில் சொல்லிவைத்தேன். உண்மையில் நூற்றுப் பதினோராவது இடம். அந்த எண்ணில் மூன்று ஒன்று இருக்கிறது, நான் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. கிடைத்தால் ஐந்தரை வருஷமும் கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் முதல் பருவத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தங்கச்சி சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். மச்சான் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு ஆம்பளை நான்தான். டாக்டரம்மாவே உட்கார்ந்து எழுதினாள். என்னை ஒரு வரிகூட எழுத விடவில்லை. என் கையெழுத்து அழகாக இருப்பதால் மற்ற பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம் வருமே என்று நினைத்திருப்பாள்.

ஜூலை 8, செவ்வாய்

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினேழாம் தேதி வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள். அன்று டாக்டரம்மா விடுதியில் இருப்பாள், தங்கச்சிக்குப் பகல் வேலை. விடுப்பு போடவா அண்ணே என்று கேட்டாள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

எனக்குத் தெரியாத சமாசாரமா இது? தவணைக்குச் சாமான் கேட்கிறவர்கள் வீட்டுக்கு எங்கள் கடையிலிருந்து ஒருவர் போய்ப் பார்ப்பார். எத்தனை தடவை கூடப் போயிருக்கிறேன். சுவரில் காரை பெயர்ந்திருந்தால், உட்கார ஒழுங்கான நாற்காலி இல்லாவிட்டால், சிரித்துப் பேசிவிட்டு வெளியே வந்து தாளில் பெருக்கல் குறி போட்டுவிடுவார். தேறாத வீடு. அந்தக் குறி விழுந்த வீட்டுக்கு ஒரு முக்காலிகூடப் போகாது. எங்கள் வீட்டு நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. அந்தப் பெருக்கல் குறி எங்கள் வாசலில் விழ நான் விடுவேனா.

ஜூலை 16, புதன்

மூங்கில் சம்மதித்துவிட்டான். நாளை ஒரு பகல்.

ஜூலை 17, வியாழன்

என் வாழ்நாளில் இப்படி ஒரு காரியத்தை இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. அதனால் முழுதாக எழுதிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் இறக்க வேண்டிய சோபா. மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை இரண்டு. முந்தின நாளே வண்டியில் ஏற்றிவைப்பது வழக்கம்தான். நடுவில் ஒரு பகல் எங்கள் கூடத்தில் இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? எங்கள் கதவுக்குள் நுழையாது என்றான் மூங்கில். கதவைக் கழற்றினேன். சோபாவின் கால்களைத் திருகி எடுத்து, நெட்டாக நிறுத்தி, அரைச் சுற்று திருப்பி உள்ளே விட்டேன். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க முடியாது, பிரித்தால் வாங்கினவர் சண்டைக்கு வருவார். ஆடுகிற நாற்காலியைப் பக்கத்து இஸ்திரிக்காரர் வீட்டில் ஒளித்துவைத்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு அம்மா வந்தார்கள். கையில் கோப்பு, வெயிலில் நடந்து வந்த களைப்பு. சோபாவில் உட்கார்ந்ததும் உறை கறகறவென்றது.

"இப்பதான் வாங்குனீங்களா?"

"நேத்து வந்தது. பழசு மூணு வருஷம் ஆச்சுன்னு மாத்திட்டோம்."

வீடு வாடகையா என்றார்கள். சொந்தம் என்றேன். வாசலில் நிற்கிற வண்டியைக் கேட்டார்கள். நம்மளுதுதான் என்றேன். மூங்கில் வண்டிக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்துவிட்டான், பயந்தாங்கொள்ளி. தங்கச்சியை ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளர் ஆக்கினேன். என்னைக் கடையில் பங்குதாரர் ஆக்கினேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"ஐயா, நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமில்ல?"

"தெரியாம இருக்குமா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதையெல்லாம் நான் எழுதிட்டுப் போயிடுவேன்."

"நல்லா பெரிசா எழுதுங்கம்மா."

எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். பங்குதாரர் என்று அரசாங்கத் தாளில், என் பெயருக்கு நேரே. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கையெழுத்துப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

ஐந்து மணிக்குள் சோபா வண்டிக்குப் போய்விட்டது. ஒரு கீறல் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சியிடம் சொன்னேன். சோபாவைச் சொல்லவில்லை. பணம் வந்ததும் சொல்லிச் சிரிக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

டாக்டரம்மா விடுதியிலிருந்து வந்திருந்தாள். மாட்டுக்கு வயிறு நாலாம். மனுஷனுக்கு ஒன்று போதவில்லை, அதற்கு நாலா என்று கேட்டேன். சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் எலும்புப் படம் போட்ட புத்தகம். அவ்வளவு பிரியம் அந்தப் படிப்பில்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

உதவித்தொகைப் பட்டியலில் டாக்டரம்மா பெயர் இல்லை.

ஆபீஸ்காரன் தப்பு. அவர்கள் தப்பில்லாமல் ஒரு பட்டியல் போட்டதாக வரலாறு உண்டா?

ஆகஸ்ட் 27, புதன்

போனில் அழவில்லை அவள். நிதானமாக வாசித்தாள். "குடும்பத்தின் வசதி, திட்டத்தின் வரம்பைவிட அதிகமாக இருப்பதால் நிராகரிக்கப்படுகிறது." இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன்.

"நமக்கு என்ன மாமா வசதி? யாரையோ பாத்துட்டு நம்ம பேர்ல எழுதிட்டாங்களா?"

ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைக்காரன் வீட்டைப் பார்க்க வருவது, இருக்கிறவனுக்குக் கொடுக்க. இவர்கள் வருவது இல்லாதவனுக்குக் கொடுக்க. இவ்வளவுதான் வித்தியாசம். எட்டாவதோடு நிறுத்தினாலும் இதுகூடவா ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் போகும்? அந்த அம்மா பேனாவை மூடினார்களே. மூடிக்கொண்டு பார்த்தார்களே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

செப்டம்பர் பத்து வரை மேல்முறையீடு செய்யலாமாம். வீட்டுப் பெரியவர் எழுதித் தர வேண்டும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கடை முதலாளியின் கடிதமும் வேண்டும். அந்த அலுவலகத்தில் பெரிய அதிகாரியே நம்மாளு என்று சொல்லி, தாள்களை நான் வாங்கிக்கொண்டேன். நானே போய், வீட்டைப் பார்த்து எழுதின விசாரணைத் தாளின் நகலைக் கேட்கிறேனே என்றாள் டாக்டரம்மா. நீ வகுப்பை விடாதே, இதெல்லாம் எனக்கு ஊதித் தள்ளுகிற வேலை என்றேன்.

அவள் நம்பினாள்.

செப்டம்பர் 3, புதன்

போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். எனக்கு முன்னால் ஒரு தையல்காரர், மகனோடு. என்ன வேலை என்று சன்னலில் கேட்டார்கள். தையல் என்றார். மூன்று எழுத்து. அதைச் சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் முறை வந்தது. குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். காட்டினார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பேசியாகிவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

செப்டம்பர் 8, திங்கள்

முதலாளி அறைக்கு வெளியே மூன்று தடவை நின்றேன். கடிதம் கேட்டால் எதற்கு என்பார். பங்குதாரர் என்று சொன்னதைச் சொல்ல வேண்டும், அப்புறம் சோபா வரும், அப்புறம் மூங்கில் வேலை போகும். இப்படி எழுதினால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூங்கிலுக்காக நிற்கவில்லை. "நீ பங்குதாரரா?" என்று அவர் சிரிப்பார் பாரு, அந்தச் சிரிப்புக்காக நின்றேன்.

செப்டம்பர் 10, புதன்

மழை. போகவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மாலை நான் வந்தபோது விளக்குப் போடாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா அலுவலகத்துக்கே போய்விட்டு வந்திருக்கிறாள். மேல்முறையீடே வரவில்லை என்றிருக்கிறார்கள். கேட்டு, விசாரணைத் தாளின் நகலையும் வாங்கிவிட்டாள். விளக்கைப் போட்டு வாசித்தாள். புது சோபா. சொந்த வீடு. வண்டி. மேற்பார்வையாளர். பங்குதாரர்.

"அடியில ரெண்டு கோடு இழுத்திருக்கீங்க மாமா" என்றாள்.

தவணைக்காரர் கதையைச் சொன்னேன், பெருக்கல் குறியைச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள்.

"அது புரியுது. தெரியாம செஞ்சீங்க. அதுக்கப்புறம் பதினஞ்சு நாள் இருந்துச்சே. பேசிட்டேன்னு சொன்னீங்களே."

 தாளின் அடியில் அந்த இரண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி என்னைத் திட்டியிருக்கலாம். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

செப்டம்பர் 20, சனி

இந்த டைரியில் சிலதைத் திருத்த வேண்டும். பீரோவை ஒற்றை ஆளாக ஏற்றவில்லை. மூங்கில்தான் கீழே, பாரம் முழுக்கக் கீழேதான் விழும். அந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அலுவலகத்தில் எனக்கு யாரையும் தெரியாது. விண்ணப்பத்தில் என்னை எழுத விடாததற்குக் காரணம் என் கையெழுத்தின் அழகு இல்லை. அவளுக்கு என்னைத் தெரியும்.

செப்டம்பர் 22, திங்கள்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மூங்கில் பெயரை விட்டுவிட்டு. அவர் சிரிக்கவில்லை. சுமை தூக்குபவர் என்று மூன்று வரியில் கடிதம் கொடுத்தார். இதற்காகவா இத்தனை நாள் நின்றேன்.

அலுவலகத்தில் அதே அம்மா. என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்கள்.

"அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டேனே ஐயா."

"அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய்ம்மா. இதுதான் நிஜம்."

"நான் நம்புறேன். ஆனா தேதி போயிடுச்சு. அந்த இடம் பட்டியல்ல அடுத்து இருந்த பிள்ளைக்குப் போயிடுச்சு."

யாருக்கு என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம். அந்தத் தையல்காரர் மகனாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். 

அக்டோபர் 14, செவ்வாய்

விடுதியிலிருந்து அவள் பெட்டியைத் தூக்கி வந்தேன். கல்லூரி ஒரு வருஷம் இடத்தை நிறுத்திவைக்கிறது; அடுத்த வருஷம் உதவித்தொகை கிடைத்தால் திரும்பச் சேரலாம், இல்லையென்றால் அதோடு சரி. எலும்புப் புத்தகம் நூலகத்துடையதாம், திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுப்பதற்கு முன் படங்களை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள்.

எத்தனையோ பெட்டி தூக்கியிருக்கிறேன். இதில் துணிதான். மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன்.

டிசம்பர் 6, சனி

அவள் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் கூண்டு கழுவுகிறாள். கை முழுக்க மருந்துத் தண்ணீர் வாசம். என்ன படிக்கிறாள் இப்போது என்று இஸ்திரிக்காரர் கேட்டார். ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். தெரியல என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நான் நிறுத்தினேன், ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

புத்தாண்டுக்குக் கடையில் புது டைரி கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். இதிலேயே பக்கம் மிச்சம் இருக்கிறது.

மறுபடி விண்ணப்பம். வீட்டுப் பெரியவர் என்ற இடத்தில் தங்கச்சி மகள் தன் அம்மா பெயரை எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோவமா மாமா?"

"இல்லம்மா. அதுதான் சரி."

ஜூலை 15, புதன்

நாளை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க வீட்ல இருக்க வேணாம் மாமா."

சரி என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

ஜூலை 16, வியாழன்

வீட்டில் வைத்தே போனில் கடைக்கு விடுப்பு சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அந்த நாளில் ஒரு சோபாவைத் தூக்க முடியாது என்று தோன்றியது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினேழு பஸ் போயிற்று. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து, நீங்க என்ன பண்றீங்க என்று கேட்டார். "மரச்சாமான் கடையில சாமான் தூக்குறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் முதுகு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தங்கச்சி விடுப்பு எடுத்திருந்தாள். கூடத்தின் நடுவில் கால் ஆடுகிற நாற்காலி, கீழே பாதி குடித்த தண்ணீர்.

"அதே அம்மாதான் வந்தாங்க" என்றாள் தங்கச்சி மகள். "உங்களைக் கேட்டாங்க. வேலைக்குப் போயிருக்கார்னு சொன்னேன். என்ன வேலைன்னாங்க. சாமான் தூக்குறார்னேன்."

"எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

வேலைக்குப் போயிருக்கார் என்பது ஒன்றுதான் உண்மையில்லை. அதை நான் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியும்.

நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டேன். ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் அட்டையை நாலாக மடித்து வைத்திருந்தாள். அதை அப்படியே அதே காலுக்கு அடியில் வைத்தேன்.