செட்டிகுளத்து மீன்களுக்கு ஒரே ஒரு வடிகட்டி

என் பிரியமான அக்காவுக்கு,

நீ போய் நூறு நாள் தாண்டிவிட்டது. நம் சமணச் சமூகத்து மாதப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்கே எழுதுகிறேன், அவர்கள் படித்துக்கொள்ளட்டும். கணக்கு வாத்தியாராகவே இருந்து ஓய்ந்தவனுக்கு வரிசை போடாமல் எழுத வராது. சிரிக்காதே.

1. மீன்களின் இன்றைய நிலை.
2. இரண்டு வடிகட்டிகளில் இந்த ஒன்றை ஏன் எடுத்தேன்.
3. நீ துணியை அலசித் தொட்டியிலேயே ஊற்றியது வெறும் பழக்கம், மீனுக்கு அதனால் பயனில்லை என்பது.
4. விடியற்காலையில் கேட்கிற சத்தம்.

வைகாசி வெயிலில் செட்டிகுளம் வற்றிச் சேறாகக் கிடந்தபோது, நீ குடத்தில் அள்ளிவந்தவை ஒன்பது கெண்டைக் குஞ்சுகள். இப்போது ஐந்து இருக்கின்றன. இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் பயந்தேன்.

அன்று பால் ஊற்ற வந்த கன்னியம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "நைனார் வூட்டுக்கே மீனு வந்துடுச்சா! கொழம்பு வாசன வர எத்தினி நாளாவும்?" என்றாள். "வாடி, மொதல்ல உன்னத்தான் கொழம்பு வெக்கப்போறேன்" என்றாய். தெருவே சிரித்தது. ஆனால் ஆனி மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில் ஏறும்போது நீ சிரிக்கவில்லை. "மழ வந்ததும் குளத்துல வுட்டுடணும்டா. ஒண்ணு கொறையக் கூடாது" என்றாய். அதுதான் நீ எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை.

கிணற்றுத் தண்ணீரை மடித்த துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய ஜீவன்களைத் திரும்பக் கிணற்றிலேயே அலசி விடுவது நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். நீ அதையே மீன்கள் இருந்த கல்தொட்டிக்கும் செய்தாய். தினமும் விடியலில் தொட்டித் தண்ணீரை மொண்டு வடிகட்டுவாய். பிறகு அந்தத் துணியைத் தொட்டியிலேயே அலசிப் பிழிவாய். "எடுத்த அழுக்கை அதிலேயே போட்டால் எப்படி அக்கா சுத்தமாகும்?" என்று கேட்டேன். "இன்னாடா கணக்கு, உனக்கு எல்லாமே கழித்தல்தானா?" என்றாய்.

நீ போன பிறகு என்னால் குனிந்து மொள்ள முடியவில்லை. இடுப்பு வளையவில்லை. பத்தே நாளில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. கண் பரிசோதனைக்கு மெட்ராஸ் போனபோது மீன் தொட்டி விற்கிற கடையைத் தேடிப் போனேன்.

கடையில் இரண்டு வகை வடிகட்டி இருந்தது. ஒன்று தொட்டிக்குள்ளேயே வைக்கிற சிறிய பெட்டி, காற்றுக் குமிழியில் ஓடுவது. மற்றது தொட்டிக்கு வெளியே நிற்கிற மூடிய டப்பா. கப்பலில் வேலை பார்க்கிற ஒருவர் சீமையிலிருந்து கொண்டுவந்து விற்றதாம். ஒரு குழாய் தண்ணீரை உறிஞ்சும். டப்பாவுக்குள் சரளை, கரி, பஞ்சு. சுத்தமான தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பும். காகிதத்தில் இரண்டு பத்தி பிரித்து நன்மை தீமைகளை எழுதினேன். கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தும் நான் எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டி இடத்தை அடைக்கும், குமிழி மீனை மிரட்டும். டப்பா அமைதியானது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. உன் வேலையைப் போல இருந்ததால் அதை எடுத்தேன். மேசைமேல் வைக்கக் கண்ணாடித் தொட்டியும் அங்கேயே வாங்கி, மீன்களை அதற்கு மாற்றினேன்.

நம் வீட்டில் இருப்பது ஒரே பிளக். கரண்ட் வேலை பார்க்கிற மாணிக்கம், "சார், ரேடியோவா மீனா? ஒண்ணச் சொல்லுங்க" என்றான். மீன் என்றேன். "சரி, இனிமே மீனு நியூஸ் படிக்கும்" என்றான்.

ஞாயிறுதோறும் டப்பாவைத் திறந்து பஞ்சையும் சரளையையும் கொதிக்கிற வெந்நீரில் அலசினேன். நமக்குக் காய்ச்சிய தண்ணீரைவிடச் சுத்தமானது உண்டா? தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் நான்கு மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. கரண்ட் அடிக்கடி போகிறது, டப்பாவில் தண்ணீர் தேங்கிக் கெடுகிறது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அல்லது பெட்டியையே எடுத்திருக்க வேண்டுமோ?

இனி நான்காவது. விடியலில், நீ எழுந்திருக்கும் நேரத்தில், ஈரத்துணியைப் பிழிகிற சத்தம் கேட்கிறது. தண்ணீர் மேல் தண்ணீர் விழுகிற சத்தம். எழுந்து போனால் யாரும் இல்லை. உன் துணி கொடியில் காய்ந்து விறைத்துக் கிடக்கிறது. ஆனால் மீன்கள் எல்லாம் நீ வரும் வாசல் பக்கமே தலை திருப்பி நிற்கின்றன. என்ன சொல்ல வருகிறாய் அக்கா?

மேலே உள்ளதை எழுதி நிறுத்திப் பதினெட்டு நாள் ஆகிறது. பத்திரிகைக்கு அனுப்பவில்லை. அந்த வாரம் இன்னொரு மீன் செத்தது. தோட்டத்தில் உட்கார்ந்தபடி குழி தோண்டிக்கொண்டிருந்தபோது கன்னியம்மா வந்தாள்.

"சார், கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க ஞாயித்துக்கெழம கழுவுறீங்க. செவ்வாக்கெழம பொதைக்கிறீங்க. எல்லாமே செவ்வாக்கெழமதான். நான் பாத்துக்கினேதான் இருக்கறேன்."

உள்ளே போய் நோட்டைப் பிரித்தேன். ஐந்தும் செவ்வாய்க்கிழமை. எழுதி வைத்தவன் நான்தான். பார்த்தவள் அவள்.

மெட்ராஸ் கடைக்குக் கார்டு போட்டேன். பதில் இரண்டே வரி. பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கும், மீனின் கழிவு விஷமாகாமல் மாற்றுவது அவைதான். பஞ்சை வெந்நீரில் காட்டாமல் தொட்டித் தண்ணீரிலேயே மெல்ல அலசவும்.

கார்டை இரண்டாம் முறை படித்தேன். முதலில் ஜீவன்களை அலசித் திரும்ப விடு, குடிக்கத் தண்ணீர் காய்ச்சுவது அதற்கு அப்புறம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த வரிசை அது. வரிசை போடாமல் எழுத வராத நான், அந்த வரிசையைத் தவறவிட்டுவிட்டேன். வாராவாரம் எத்தனை ஆயிரம் உயிரைக் கொதிக்க வைத்தேனோ?

அடுத்த ஞாயிறு தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு, பஞ்சை அதில் லேசாக அலசிப் பிழிந்து திரும்ப வைத்தேன். தண்ணீர் சற்றே மங்கலாக இருந்தது. செவ்வாய்க்கிழமை விடிகிற வரை நாற்காலியை விட்டு எழவில்லை. நான்கும் இருந்தன. நேற்றும் ஒரு செவ்வாய். நான்கும் இருக்கின்றன.

ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு விடியலில் சத்தம் கேட்கவில்லை. கேட்டபோது பயந்தேன். இப்போது கேட்காதது அதைவிடப் பயமாக இருக்கிறது. வேலை முடிந்ததென்று போய்விட்டாயா?

ஐப்பசி பிறக்கப்போகிறது. செட்டிகுளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற அன்று, நான்கையும் உன் குடத்திலேயே எடுத்துப்போய் விடுவேன். டப்பாவைத் திறந்து அந்தப் பஞ்சையும் குளத்தில் அலசிவிட்டுத்தான் வருவேன். அதில் இருக்கிற உயிர்களும் நீ குளத்துத் தண்ணீரோடு குடத்தில் அள்ளிவந்தவைதானே. இது சத்தியம்.

ஐந்து குறைந்ததற்கு நான்தான் காரணம். வடிகட்டி மேல் குற்றமில்லை, கரண்ட் மேலும் இல்லை. மேலே மூன்றாவதாக எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், படிக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. அது தப்பு, அக்கா.

உன் கைத்துணியை இன்னும் மடித்து வைக்காத
உன் தம்பி
செஞ்சியிலிருந்து