தன்னாமுனையிலிருந்து வந்த சீடி

மச்சான்,

நேற்று மகளிடம் என் மானம் போயிற்று. கம்பசில் படிப்பவளுக்கு ஒரு பழைய புரோகிராம் வேண்டியிருந்தது. மூல நிரலிலிருந்தே கட்டித் தருகிறேன் என்று வீறாப்பாக உட்கார்ந்து, நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர்களில் இருப்பதிலேயே புதியதைப் போட்டேன். திரை நிறையப் பிழைகள்.

"கூட வந்த ரீட்மீ குறிப்பில எந்த வேர்ஷன் கம்பைலர் எண்டு எழுதிக் கிடக்கே. வாசிக்கல்லையா அப்பா?"

ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவனுக்கு வாசிப்பு எங்கே வரும் என்று மழுப்பினேன். அதே கேள்வியை யுத்த காலத்தில் நீயும் என்னிடம் கேட்டிருக்கிறாய்.

வாவிக்கரையில் நம் கொம்பியூட்டர் கடை. பின்னேரங்களில் தண்ணீரின் வெளிச்சம் கூரை முகட்டில் அசையும். வாவிக்கு அடியில் இருந்து வேலை செய்வதுபோல் இருக்கும். வாகரைச் சனம் இடம்பெயர்ந்து முகாம் முகாமாகச் சிதறியிருந்தது. உன் தங்கச்சி எந்த முகாமில் என்று தெரியவில்லை. எல்லா முகாம்களின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துத் தேடும் புரோகிராம் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது, வெறும் மூல நிரலாக. நான் புதிய கம்பைலரில் கட்டப் பார்த்தேன். பிழைமேல் பிழை.

"புதுசெண்டா வெட்டிப் புடுங்குமெண்டு ஆர் சொன்ன? எழுதினவன் எதில எழுதினானெண்டு முதல்ல வாசி. மறுகா கட்டு" என்றாய்.

பழைய வேர்ஷன் கம்பைலர்தான் வேண்டும். போன வாரம்வரை நம் டிஸ்க்கில் இருந்தது. இப்போது இல்லை.

"வைரஸ் திண்டிருக்கும் மச்சான்" என்றேன்.

நீ திட்டவில்லை. "தன்னாமுனையில ஒருத்தனிட்ட சீடி கிடக்கு, வாறன்" என்று சைக்கிளை எடுத்தாய். காவலரணுக்குக் காவலரண் இறங்கி ஏறி, சீடி நெஞ்சு வியர்வையில் ஒட்டியிருக்கத் திரும்பி வந்தாய்.

"ஆமிக்காரன் என்ன பாட்டெண்டு கேட்டான். பாட்டில்ல, கம்பைலர் எண்டன். பைத்தியமெண்டு விட்டுட்டான்."

கம்பைலர் ஓடத் தொடங்கியது. ஒரு பிழையும் இல்லை. வரிகள் மேலே மேலே மிதந்து போயின. "முடியுமட்டும் ரெண்டு பாட்டுப் போடு. புதுசா நிறைய வச்சிருக்காய்" என்றாய். போட்டேன். முகட்டில் வெளிச்சம் அசைய, கண்ணை மூடிக் கேட்டாய். மூன்றாம் பாட்டு முடியுமுன் புரோகிராம் கட்டி முடிந்து தேடத் தொடங்க, கிரான் முகாம் பட்டியலில் உன் தங்கச்சியின் பெயர் எழுந்து வந்தது. திரையில் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாய், வெகுநேரம் விலக்கவில்லை.

நீ இல்லாத இந்தக் காலத்தில், இன்று மகளின் ரீட்மீயை எழுத்தெண்ணி வாசித்தேன். கேட்ட வேர்ஷனையே போட்டேன். பிழையில்லாமல் கட்டிற்று.

அன்று மூன்று பாட்டும் ஓடி முடியும்வரை என் வாய்க்குள்ளேயே நின்றது ஒன்றுதான்: அந்தப் பாட்டுகளுக்கு டிஸ்க்கில் இடம் பிடிக்கத்தான், மச்சான், பழைய கம்பைலரை நான் அழித்தேன்.