சும்மா இருந்த கணினியின் பிழை

கோபன்ஹேகன், செவ்வாய்

அன்பு அம்மாவுக்கு மர்யூன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம், எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் டார்கிலுக்குத்தான் நலமில்லை, மூளையில்.

குவாண்டம் கணினிக்கு நான் எழுதிய கட்டளை ஐந்து சதவீதம் தப்பாக நடக்கிறதென்று ஒரு மாதமாகக் கரித்துக்கொட்டினார். இன்று கட்டளையே கொடுக்காமல், கணினியைச் சும்மா இருக்கவிட்டு அளந்தேன். அதே ஐந்து சதவீதப் பிழை! கோளாறு அவர் அமைத்த அளவுக் கருவியில். கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாத்தியா மர்யூன்? உன் கட்டளை இல்லாதப்பவே இவ்வளவு கெடுக்குது. இருந்தா என்னாகும்!" என்றார். ஏழு கழுதை வயதாகியும் தன் கருவியைச் சந்தேகிக்கத் தெரியவில்லை.

காற்றில் உலர்த்திய ஆட்டுக்கறி கொஞ்சம் அனுப்பு. இங்கே கிடைப்பது செருப்புத் தோல். டார்கில் கூப்பிடுகிறார், ஓடுகிறேன். வீட்டில் எது உடைந்தாலும் பழியை என் தலையிலேயே போடு, அம்மா. நானும் அங்கே இருந்த மாதிரி இருக்கும்.