உசிலைக் காம்பு

அத்தான்,

வாகைதானே என்று நீங்கள் அடுப்புக்குப் போட்ட கட்டை உசிலை! உள்ளே கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்திருந்தது. காய்ந்த சிராயைத் தண்ணீரில் போட்டேன், கல்லாக மூழ்கியது. காம்பாகச் செதுக்கி, சொரசொரத்த பிராய் இலையால் வழவழவென்று தேய்த்து, கோடரியில் மாட்டிவிட்டேன். நான் போடுகிறேன் என்றதற்கு, “ஏட்டி, பொம்பள போட்ட காம்பு நிக்குமா?” என்று சிரித்தீர்களே, புளியங்கட்டையையே பிளந்துவிட்டேன், காம்பு அசையவில்லை.

இப்போதுதான் புன்னை எண்ணெய் பூசியிருக்கிறேன். வெயிலில் வைத்தால் வெடிக்கும், கதவு மூலையிலேயே இருக்கட்டும்.

ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். சோறு உறியில் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த அயிரைக் குழம்பு, ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.

கெசியா

அடுப்புக் கட்டைதான் காம்பாகிவிட்டதே, குழம்புக்கு விறகு ஏது என்று கேட்பீர்கள். நீங்கள் போட்டு ஊரெல்லாம் மெச்சிக்கொண்ட வேப்பங்காம்பு நேற்று பிளந்ததே, அது நன்றாகவே எரிந்தது.