குதிரைகளோடு வவுனியாவுக்கு

14.8.82, சனி காலை

இஞ்சேருங்கோ,

நீங்கள் வயலால் வரும்போது நான் வவுனியாவில் நிற்பேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் தபாலதிபர் சைக்கிளில் வந்தார். வவுனியாவில் நடக்கும் தபால் முத்திரைக் கண்காட்சிக்கு நான் அனுப்பிய குதிரை அல்பத்துக்கு முதலாம் பரிசாம்! "நீங்களே வந்து சனத்துக்கு விளங்கப்படுத்த வேணுமாம், பிள்ளை" என்றார்.

பின்னேரமே உங்களிடம் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் உங்கள் அண்ணருக்கு முன்னால், "குதிரையைக் கண்ணாலயும் காணாதவளுக்கு ஏன் உந்தப் படங்கள்?" என்று சிரித்தீர்கள். பிறகு எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

காணாதபடியால்தான் சேர்த்தேன். கப்பலில் வேலை செய்யும் தம்பி பன்னிரண்டு வருசமாக துறைமுகம் துறைமுகமாக வாங்கி அனுப்பிய பழைய கடித உறைகளில் இருந்து, தண்ணீரில் ஊறவிட்டு, ஓரப் பல் ஒன்றும் உடையாமல் உரித்தெடுத்தவை. மொங்கோலியா, ஹங்கேரி, போலந்து என்று நூற்று நாற்பத்து மூன்று முத்திரைகள், அவற்றோடு முப்பது குதிரைப் போஸ்ட்காட்டுகள். எந்தக் குதிரை எந்த நாடு என்று பாராமலே சொல்வேன்.

அல்பத்தின் கீழே 'திருமதி பரமலிங்கம்' என்று எழுதவோ என்று தபாலதிபர் கேட்டார். "இல்லை ஐயா, தவமலர் எண்டு எழுதுங்கோ" என்றேன்.

தவமலர்

நீங்களும் வெளிக்கிட்டால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி அக்காவிடம் கொடுங்கள்.

மாங்குளச் சந்தியில் ஒரு மணி பஸ் எடுத்தால் பரிசு தரும் நேரத்துக்கு வந்துவிடலாம். நீங்கள் போட்டுக்கொண்டு வர வெள்ளைச் சேட்டு ஒன்றைச் சுருக்கம் போக மினுக்கிக் கதிரையில் போட்டிருக்கிறேன். கண்காட்சி வாசலில் ஆர் என்று கேட்டால், தவமலரின் கணவர் என்று சொல்லுங்கள்.