முதுகுப் பக்கம் விழுந்த வெளிச்சம்

ஜனவரி 12, திங்கள்

காலையில் மூட்டம். பிறகு சுள்ளென்று வெயில். பாண் வாங்க வேண்டும். உம்மாவின் பிரஷர் குளிசையும் முடிந்துவிட்டது.

வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு தனியே மீன்பிடிக்கக் கடலுக்குப் போன தம்பி றிஸ்வான் இன்னும் வரவில்லை. எந்தப் பக்கம் போனான் என்று தெரியாமல் படகுகள் நாலு பக்கமும் தேடுகின்றன. எழுதிப் பார்த்தால் மனசு ஒப்பும் என்று நினைத்தேன். ஒப்பவில்லை.

அன்று பொழுதுபட்டு, மஃரிபோடுதான் வானத்தில் அந்த நெருப்புப் பந்து. ஊரே பார்த்தது. நான் குசினியில், அடுப்பு முன்னால். ஜன்னல் பச்சையாக மின்னியது, அவ்வளவுதான். கொஞ்சம் பிந்தி இடி மாதிரிச் சத்தம். அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது.

கொழும்பிலிருந்து, வானியல் ஆராய்ச்சி செய்யும் நிலூஷா மிஸ் வந்திருக்கிறார். விண்கல் எங்கே விழுந்திருக்கும் என்று கணக்குப் பார்க்க. பார்த்தவர் நின்ற இடம், காட்டும் திசை, சத்தம் வர எடுத்த நேரம், இவை வேண்டுமாம். கணித டீச்சர் என்று அதிபர் என்னைக் காட்டிவிட்டார். மறுக்க வாயெடுத்தேன், சரி என்றுதான் வந்தது. வீட்டில் இருந்தால் உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கேட்டவை:
மதுரங்குளிக் கடைக்காரர்: "என்ட தலைக்கு மேலால போச்சு டீச்சர். கடயத் தொறந்தபடி உட்டுட்டு ஓடிட்டன்."
மிளகாய்த் தோட்டத்து ஆயிஷா: "கலிமா சொல்லிக்கிட்டு குப்புறக் கெடந்தன். எந்தப் பக்கமெண்டு யாரு பாத்தா!"
ஓட்டோக்காரர் ஒருவர் இரண்டு கையாலும் இரண்டு பக்கம் காட்டினார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

காற்று. தேங்காய் துருவும்போது விரலில் வெட்டு.

அவன் கடைசியாக அனுப்பிய இரண்டு குரல் பதிவுகளை இன்றுதான் திரும்பக் கேட்டேன். அதுவரை பயம்.

முதலாவது: "ராத்தா! பாத்தியா? இப்பதான் மஃரிப் தொழுது சலாம் குடுத்தன். கிப்லாவப் பாத்து இருக்கிறன், முதுகுப் பக்கம், சரியா முதுகுக்கு நேரே, பெரிய நெருப்பு உழுந்திச்சு. உம்மாட்டச் சொல்லு."

இரண்டாவது: "இந்தா, இப்பதான் சத்தம் வருது. படகே ஆடுது ராத்தா! வந்து சொல்லுறன்."

வந்து சொல்கிறானாம்.

மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பொறி தட்டியது. மிஸ், ஆட்கள் நின்ற இடத்தை வைத்துக் கல்லைத் தேடுகிறார். நான் கல்லை வைத்து ஆளைத் தேடலாமே. கல் விழுந்தது ஏறக்குறைய மதுரங்குளிக்கு வடகிழக்கே, தென்னந்தோட்டப் பக்கம். அதுவரை மற்றவர்கள் சொன்னதிலிருந்தே தெரிகிறது. அவன் முதுகுக்கு நேரே கல் என்றால், அங்கிருந்து கிப்லாத் திசையில், தொழும்போது நோக்கும் மக்காவின் திசையில், கோடு கீற வேண்டும். இரண்டு பதிவும் வந்த நேரத்தைப் பார்த்தால், வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளி தூரத்தைச் சொல்லும்.

போனில் கிப்லா பார்த்தேன். மேற்கிலிருந்து நன்றாக வடக்கே சாய்ந்தது. கோடு கற்பிட்டிக்கு அப்பால் கடலில் போய் நின்றது. பென்சிலால் புள்ளி வைத்தேன்.

மீனவர் சங்கத் தலைவர் ஹனீபா மாமாவிடம் கொண்டு ஓடினேன்.
"இந்தப் புள்ளி சரியா மகள்?"
"சரி மாமா."
"நீ சொன்னாச் சரிதான். விடிய எல்லாப் படகும் அங்கதான்."

உம்மா இன்று கொஞ்சம் சாப்பிட்டார்.

ஜனவரி 15, வியாழன்

படகுகள் நேற்றும் போயின, இன்றும் போயின. ஒன்றுமில்லை. ஒரு பலகை கூட இல்லை. ஹனீபா மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.
"கடல் பெருசு மகள்."

வீடு நிறையச் சனம். பொறுத்துக்கொள், ஸபூர், ஸபூர் என்று வருகிறவர்கள் எல்லாம். இன்னொருத்தி சொன்னால் கடித்துவிடுவேன். உம்மா அவனுக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறார். ஒவ்வொரு நாளும். காலையில் நான்தான் கோழிக்குக் கொட்டுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புத் தாள்கள் திருத்தவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

தூறல். ஜும்ஆத் தொழுகைக்கு ஆம்பிளைகள் போன பிறகு அவன் அறையைக் கூட்டினேன்.

அவனுடைய தொழுகைப் பாய் விரித்தபடியே கிடந்தது. மடிக்க மாட்டான், சோம்பேறி. பாய் சுவருக்கு நேராக, கடல் பக்கத்துச் சுவருக்கு. துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் போனைப் பார்த்து என் பாயைச் சரித்துப் போடுவேன். அவனுக்குச் சிரிப்பு. "ராத்தாட கோணல் தொழுக! இன்னம் கொஞ்சம் திரும்பினா அலுமாரிக்குள்ள போயிடுவா." பள்ளிவாசல் கம்பளத்தில் புதிதாகச் சரிவுக் கோடு ஒட்டிய நாள் ஊரே சண்டை. வாப்பா மௌத்தாகும் வரை பழையபடிதான் நின்றார். இவனும் வீட்டில் வாப்பா மாதிரியே. "நேரே கடலப் பாத்து நிண்டாப் போதும். நான் எங்க பாக்கிறனெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும்."

படகிலும் அப்படித்தானே தொழுதிருப்பான். கரைக்கு முதுகைக் காட்டி. அவனுடைய கிப்லா நேர் மேற்கு. நான் கோடு கீறியது என்னுடைய கிப்லாவுக்கு.

வரைபடத்தை விரித்துத் திரும்பக் கீறினேன். தென்னந்தோட்டத்திலிருந்து நேர் மேற்கு. கோடு வாவியைக் கடந்து, மாம்புரியைக் கடந்து, எங்கள் கிணற்றடிக்குப் பக்கத்தால் கடலுக்கு இறங்கியது.

எங்கள் வீட்டுக்கு நேரே. யா அல்லாஹ். எங்கள் வீட்டுக்கு நேரே இருந்திருக்கிறான். எல்லாப் படகையும் நான் கற்பிட்டிப் பக்கம் அனுப்பிவிட்டேன்.

செருப்பும் போடாமல் ஓடினேன். ஜும்ஆ முடிந்து வந்துகொண்டிருந்த ஹனீபா மாமா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

ஜனவரி 17, சனி

வலை கிடைத்தது.

போட்ட இடத்திலேயே, நங்கூரத்தோடு. மிதவைக்குக் கட்டிய மஞ்சள் கேனில் நான் பெயின்ட்டால் எழுதிய 'றி'. உள்ளே மீனெல்லாம் அழுகல். படகு இல்லை. அவன் இல்லை.

ஹனீபா மாமா மணலிலேயே இருந்துவிட்டார். "நீ கீறின எடத்திலதான் மகள்."
"செவ்வாய்க்கிழமையே இங்க பாத்திருந்தா, மாமா?"
"அதக் கேக்காத."
"சொல்லுங்க."
"கேக்காத மகள்."

திரும்பி நடந்து வந்தேன். வேறு என்ன செய்வது. நெஞ்சு வெடித்துச் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். சாகவில்லை. வந்து உலை வைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

நல்ல வெயில். கடல் தட்டையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

வலை கிடந்த இடத்தைச் சனியன்றே நிலூஷா மிஸ்ஸுக்குச் சொல்லியிருந்தேன். அங்கிருந்து நேர் கிழக்கே அவன் காட்டிய கோட்டை வைத்ததும் தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டதாம். நேற்றுக் கல்லை எடுத்துவிட்டார்கள். ஒரு தென்னை மூட்டில், பாதி மண்ணுக்குள்.

இன்று வீட்டுக்கே கொண்டுவந்தார். அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுப்பு. அளவுக்கு மிஞ்சிய பாரம். என் கையில் வைத்துவிட்டு அவர் அழுதார். "தம்பி சொன்ன லைன்லதான் இருந்தது, டீச்சர்."

உம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.
"கல்லு கெடச்சிட்டா?"
"ஓம் உம்மா."
"எம்புள்ள காட்டின எடத்திலயா?"
"ஓம்."
"அப்ப எம்புள்ளய ஏன் ஒத்தரும் காட்டல்ல?"

கல்லை மிஸ்ஸின் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

வருகிற வெள்ளி காயிப் ஜனாஸா தொழுவிக்கவா என்று பள்ளியிலிருந்து கேட்டு அனுப்பினார்கள். உடல் இல்லாமலே தொழும் இறுதித் தொழுகை. உம்மா வேண்டாம் என்றுவிட்டார். சோறு போட்டு மூடி வைத்திருக்கிறார்.

மஃரிப் அவன் அறையில் தொழுதேன், அவன் பாயிலேயே. என் கிப்லாவுக்குத் திருப்பிப் போடவில்லை.